நகரத்தில் ஜென் தியானம்: முதல் தடவை போகிறவர்களுக்கு

பௌத்தத் தியான மரபான ஜென் என்றதும் மலை உச்சி, மூங்கில் காடு, பனிமூட்டம் என்றுதான் பலருக்கும் மனதில் படம் ஓடும். நான் பழகியது சான் ஃபிரான்சிஸ்கோ நகரத்துக்குள், பேஜ் தெருவும் லகுனா தெருவும் சந்திக்கும் மூலையில் உள்ள ஒரு செங்கல் கட்டடத்தின் கீழ்த்தளத்தில். உட்கார்ந்திருக்கும்போதே தெருவில் குப்பை வண்டி வரும். யாரோ கார் கதவை அடித்துச் சாத்துவார்கள். தூரத்தில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கும். அதோடு சேர்த்துத்தான் தியானம்.

வேலை நிமித்தம் இந்தப் பக்கம் புதிதாக வந்த தம்பி ஒருவன் போன மாதம் கேட்டான்: "அண்ணா, நானும் வரணும்னு இருக்கு. ஆனா அங்க போய் எங்க நிக்கணும், என்ன பண்ணணும்னே தெரியலையே." அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். நீங்கள் வேறு நகரத்தில் இருந்தாலும் பெரும்பாலானவை பொருந்தும்.

வீட்டிலேயே தனியாக உட்கார்ந்தால் போதாதா என்று அவன் கேட்ட முதல் கேள்விக்கு என் அனுபவம்தான் பதில். இரண்டு வருடம் படுக்கையறை மூலையில் தலையணை போட்டு உட்கார்ந்து பார்த்தேன். பத்து நிமிடத்தில் ஏதாவது ஒரு வேலை ஞாபகம் வரும், எழுந்துவிடுவேன். பேஜ் தெருவில் முதல் நாளே நாற்பது நிமிடம் உட்கார்ந்தேன். திடீரென்று எனக்குப் பொறுமை வந்துவிடவில்லை. வலது பக்கம் ஒரு வயதான அம்மா, இடது பக்கம் ஓர் இளைஞர், இருவரும் அசையாமல் இருந்தார்கள். அவர்கள் இருந்ததால் நானும் இருந்தேன், அவ்வளவுதான். கூடி உட்காருவதில் உள்ள இந்த உதவி வேறு எதிலும் கிடைக்காது என்பது என் உறுதியான எண்ணம். பௌத்தத்தில் புத்தர், தருமம் ஆகிய இரண்டோடு, கூடிப் பயிலும் குழுவான சங்கத்தையும் சேர்த்துச் சரணம் சொல்வது சும்மா இல்லை.

இந்த இடம் உருவானதும் அப்படித்தான். ஷுன்ரியு சுசுகி என்ற ஜப்பானியத் துறவி 1959-இல் இந்த நகரத்துக்கு வந்தார். அவருக்குக் கொடுத்திருந்த வேலை, புஷ் தெருவில் இருந்த சோகோஜி கோயிலில் ஜப்பானிய அமெரிக்கக் குடும்பங்களுக்குப் பூசகராக இருப்பது. ஜென் கற்றுக்கொடுங்கள் என்று அமெரிக்க இளைஞர்கள் தேடி வந்தபோது, தான் தினமும் காலையில் உட்காருவதாகவும், விருப்பமிருந்தால் வந்து கூட உட்காரலாம் என்றும் மட்டும் சொன்னார். வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். 1962-இல் அது சான் ஃபிரான்சிஸ்கோ ஜென் மையம் என்ற அமைப்பாகப் பதிவானது. 1967-இல் மலைக்குள் தஸ்ஸஹாரா மடம் தொடங்கியது. 1969-இல் இந்தப் பேஜ் தெருக் கட்டடத்தை வாங்கினார்கள். ஜூலியா மார்கன் என்ற புகழ்பெற்ற பெண் கட்டடக் கலைஞர் யூதப் பெண்கள் தங்கும் விடுதியாக வடிவமைத்து, 1922-இல் கட்டி முடித்த கட்டடம் அது. மாடிகளில் ஆட்கள் குடியிருந்து பயிற்சி செய்வார்கள். வெளியாட்கள் காலையில் வந்து உட்கார்ந்துவிட்டு வேலைக்குப் போவார்கள். நீங்களும் நானும் அந்த இரண்டாவது வகை.

இடத்தைத் தேர்ந்தெடுப்பது

உங்கள் ஊரில் ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்கள் இருக்கலாம். சோட்டோ மரபில் சுவரைப் பார்த்து உட்காருவார்கள், ரின்சாய் மரபில் கூடத்தின் நடுப்பக்கம் பார்த்து. ரின்சாயில் கோஆன் என்னும் புதிர்க் கேள்விகளுக்கு அதிக இடம் உண்டு. ஆரம்பத்தில் இந்த வேறுபாட்டைப் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம். வீட்டிலிருந்து எது பக்கம் என்று பாருங்கள். அரை மணி நேரத்தில் போய்ச் சேர முடியாத இடத்துக்கு நீங்கள் மூன்றாவது வாரம் போகமாட்டீர்கள்.

அப்புறம், புதியவர்களுக்கு ஜாஜென் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஜாஜென் என்றால் உட்கார்ந்து செய்யும் தியானம். பேஜ் தெருவில் நான் அதைக் கற்றது ஒரு சனிக்கிழமை காலை. நேரமும் இடமும் அவ்வப்போது மாறும் என்பதால், கிளம்பும் முன் அந்தந்த மையத்தின் நிகழ்ச்சி நாட்காட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பொதுவான அமர்வுகளுக்குப் பணம் கட்டாயம் இல்லை. வாசலில் நன்கொடைப் பெட்டி இருக்கும், முடிந்ததைப் போடலாம். முதல் சந்திப்பிலேயே பெரிய தொகை கேட்கும் இடமாக இருந்தால் அங்கிருந்து வந்துவிடுங்கள்.

"நான் தினமும் விபூதி பூசுறவன், போகலாமா?" என்றும் தம்பி கேட்டான். தாராளமாகப் போகலாம். யாரும் மதம் கேட்பதில்லை, மாறச் சொல்வதும் இல்லை. என்னோடு உட்காருகிறவர்களில் யூதர்கள் உண்டு, கத்தோலிக்கர் உண்டு, கடவுளே இல்லை என்பவர்களும் உண்டு.

கிளம்பும் முன்

தொளதொளப்பான, அடர் நிற உடை நல்லது. முழங்காலை மடக்கினால் இறுக்கிப் பிடிக்கும் ஜீன்ஸ் வேண்டாம். பெண்களுக்குச் சுடிதார் மிக வசதி. சத்தம் போடும் எதையும் கழற்றிவிடுங்கள். கண்ணாடி வளையலும் கொலுசும் நமக்குக் காதில் விழுவதே இல்லை. ஆனால் முப்பது பேர் மூச்சுச் சத்தம் கூட இல்லாமல் இருக்கும் கூடத்தில் ஒரு கொலுசு மணி எவ்வளவு தூரம் கேட்கும் என்பது அங்கே போனால்தான் தெரியும். சென்ட் அடிக்காதீர்கள். தலையில் நிறைய மல்லிகையும் அன்று வேண்டாம், வாசனை ஒத்துக்கொள்ளாதவர்கள் இருப்பார்கள். கைபேசியை அணைத்துவிடுங்கள். கைக்கடிகாரம் அதிருமானால் அதையும் கழற்றிப் பையில் போடுங்கள்.

வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகக் கூடாது. காலை அமர்வு என்றால் எனக்கு ஒரு டம்ளர் காபியோடு சரி.

கால் மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேருங்கள். இது மரியாதைக்காக மட்டும் இல்லை. ஓடி வந்து உட்கார்ந்தால் பாதி நேரம் இதயத் துடிப்பு அடங்குவதற்கே போய்விடும். தாமதமாகிவிட்டால் பல இடங்களில் கூடத்துக்கு வெளியே ஓர் இருக்கை வைத்திருப்பார்கள். அங்கே உட்கார்ந்து, இடைவேளையில் உள்ளே சேர்ந்துகொள்ளலாம். திரும்பிப் போய்விடாதீர்கள்.

உள்ளே நுழைவது

செருப்பைக் கழற்றுவது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கை கூப்பி வணங்குவதும் அப்படித்தான். அவர்கள் அதை காஷோ என்கிறார்கள். சுற்றியிருக்கும் அமெரிக்கர்கள் கையை எந்த உயரத்தில் வைப்பது என்று தடுமாறுவார்கள், நமக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். அந்த விஷயத்தில் நாம் பாக்கியசாலிகள்.

நேரம் நெருங்கும்போது தொங்கவிட்ட ஒரு கனமான மரப்பலகையைச் சுத்தியலால் தட்டுவார்கள். அதற்குப் பெயர் ஹான். முதலில் இடைவெளி விட்டு, பிறகு வேகம் கூடிக்கொண்டே போய், சடசடவென்று ஓடி நிற்கும். பேஜ் தெருவில் அந்தச் சத்தம் படிக்கட்டு வழியாகக் கட்டடம் முழுக்க ஏறும். பலகையின் நடுவே தட்டித் தட்டிக் குழி விழுந்திருக்கும். எத்தனை காலைகள் அந்தக் குழியில் இருக்கின்றன என்று நான் இன்றும் ஒரு நொடி பார்த்துவிட்டுத்தான் போவேன்.

தியானக் கூடத்துக்கு ஜென்டோ என்று பெயர். கதவின் இடது ஓரமாக, இடது காலை முதலில் வைத்து நுழைந்து, வணங்கி, உங்கள் இருக்கைக்குப் போங்கள். இருக்கையைப் பார்த்து ஒரு வணக்கம். அது இரு பக்கமும் உட்காரப் போகிறவர்களுக்கு. வலப்பக்கமாகத் திரும்பி எதிரே இருப்பவர்களுக்கு ஒரு வணக்கம். பிறகு உட்காரலாம். முதல் நாள் இதெல்லாம் நினைவிருக்காது. முன்னால் போகிறவர் செய்வதைப் பார்த்துச் செய்தால் போதும். தப்பாகச் செய்தால் யாரும் முறைப்பதில்லை, இது நிச்சயம்.

உட்காருவது

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் நம்மவர்கள் தவறு செய்வது இங்கேதான். "எங்களுக்குச் சம்மணம் போடத் தெரியுமே" என்று நினைத்துக்கொள்வோம். நானும் நினைத்தேன். பந்தியில் உட்காரும் சம்மணத்தில் முழங்கால் இரண்டும் தரையிலிருந்து தூக்கிக்கொண்டிருக்கும், முதுகு வளைந்து இலைப்பக்கம் சாய்ந்திருக்கும். சாப்பிடுவதற்கு அது சரி. அப்படியே நாற்பது நிமிடம் இருந்தால் இடுப்பு விட்டுப்போகும்.

ஜாஜெனில் மூன்று புள்ளிகள் தாங்க வேண்டும்: இரண்டு முழங்காலும், மூன்றாவதாகப் புட்டமும். சதுரமான பஞ்சு விரிப்பு கீழே இருக்கும், அது ஜாபுட்டான். அதன் மேல் உருண்டையான, கெட்டியான திண்டு, அது ஜாஃபு. திண்டின் முழுப் பரப்பிலும் உட்காராமல், முன்பக்க மூன்றில் ஒரு பங்கில் மட்டும் உட்காருங்கள். அப்போது இடுப்பு லேசாக முன்பக்கம் சரிந்து முழங்கால்கள் தாமாக விரிப்பில் இறங்கும். இறங்கவில்லையா? திண்டின் உயரம் போதவில்லை. இன்னொரு சின்ன திண்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பத்து வருடம் நாற்காலியில் உட்கார்ந்து நிரல் எழுதிய இடுப்பு அவ்வளவு சீக்கிரம் வளையாது. எனக்கு முதல் ஆறு மாதம் இரண்டு திண்டு தேவைப்பட்டது.

காலை எப்படி வைப்பது? பத்மாசனம் வந்தால் நல்லது. வராதவர்கள் ஒரு காலை மட்டும் எதிர்த் தொடை மேல் வைக்கலாம். அதுவும் வராதவர்கள் இரண்டு கால்களையும் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றாமல், முன்னும் பின்னுமாகத் தரையிலேயே படுக்க வைக்கலாம். நான் இப்போதும் இந்த மூன்றாவது வகைதான். மண்டியிட்டு உட்காரச் சின்ன மரப்பலகைகள் உண்டு. முழங்கால் பிரச்சினை இருந்தால் நாற்காலி கேளுங்கள். முதுகைச் சாய்க்காமல், பாதம் முழுதும் தரையில் பதிய உட்காருங்கள். நாற்காலியில் செய்தாலும் அது முழுமையான ஜாஜென்தான்.

முதுகு நிமிர்ந்து, முகவாய் லேசாக உள்ளே போய், காது தோளுக்கு நேராக, மூக்கு தொப்புளுக்கு நேராக இருக்கட்டும். 13-ஆம் நூற்றாண்டில் டோகன் என்ற ஆசிரியர் எழுதிவைத்த அளவு இது, இன்றும் மாறவில்லை. வலது உள்ளங்கை மேல் இடது உள்ளங்கை, கட்டைவிரல் நுனிகள் இரண்டும் தொட்டும் தொடாமலும். இந்த விரல்கள்தான் உங்களுக்குக் காட்டிக்கொடுக்கும் கருவி. தூக்கம் வந்தால் அவை சரிந்துவிடும். எதையோ அழுத்தி யோசித்தால் மலைபோல் மேலே எழும்பிவிடும். நாக்கு நுனியை மேல் பல்லுக்குப் பின்னால் வைத்து வாயை மூடுங்கள்.

கண்ணை மூட வேண்டாம். இது பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். பாதி திறந்த கண்கள், சுமார் 45 பாகை கீழ்நோக்கி, எதிரே சுவரின் அடிப்பகுதியில் தளர்வாக நிற்கட்டும். எதையும் உற்றுப் பார்க்க வேண்டியதில்லை.

மனதை என்ன செய்வது

மூச்சை எண்ணுங்கள். ஒவ்வொரு வெளிமூச்சுக்கும் ஓர் எண், ஒன்றிலிருந்து பத்து வரை, பிறகு மீண்டும் ஒன்று. நான்கு வருவதற்குள் அலுவலக மின்னஞ்சல் வரும், ஊரில் அம்மாவின் சர்க்கரை அளவு வரும், விசா தேதி வரும். வந்ததைத் தெரிந்துகொண்டதும் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். சில சமயம் பத்தும் தாண்டி இருபத்து மூன்றில் போய் நிற்பீர்கள். அதுவும் சகஜம், திரும்ப ஒன்று. எண்ணங்களை நிறுத்துவது இங்கே வேலை இல்லை. நிறுத்தப் பார்க்கிறவர்கள்தான் ஒரு வாரத்தில் "எனக்கு இது வராது" என்று விட்டுவிடுகிறார்கள்.

நாள்பட, எண்ணிக்கையை விட்டு மூச்சைப் பின்தொடர்வது, அதையும் விட்டு வெறுமனே உட்காருவது என்று போகும். ஷிகன்தாசா என்பது அதன் பெயர். அவசரம் வேண்டாம்.

வலிக்கும். வலியில் இரண்டு வகை உண்டு. தொடை இழுப்பு, கால் மரத்துப்போவது, நமைச்சல் ஆகியவற்றோடு கொஞ்சம் இருந்து பார்க்கலாம். முழங்கால் மூட்டுக்குள் குத்தினால் இருக்கக் கூடாது. கை கூப்பி, சத்தமில்லாமல் காலை மாற்றிக்கொள்ளுங்கள். மணி அடித்ததும் மரத்த காலோடு சட்டென எழவே எழாதீர்கள். என் பக்கத்தில் ஒருவர் அப்படி எழுந்து கணுக்காலை மடக்கிக்கொண்டு ஒரு மாதம் அவதிப்பட்டார். காலைப் பிடித்துவிட்டு, உணர்ச்சி வந்த பிறகு எழுங்கள். எல்லோரும் காத்திருப்பார்கள்.

உட்காரும்போது பழைய அதிர்ச்சியோ பயமோ பொங்கி வந்தால், பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டாம். வெளியே வந்துவிடுங்கள், வகுப்பு எடுத்தவரிடம் சொல்லுங்கள். மனநல சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

மணிகளும் நடையும்

மூன்று மணி அடித்தால் அமர்வு தொடங்குகிறது. முடிவில் இரண்டு மணி என்றால் எழுந்து நடை. ஒரு மணி என்றால் தியானம் முடிந்தது. நடைக்குக் கின்ஹின் என்று பெயர். இடது கையை முட்டியாக்கி மார்புக்கு முன் வைத்து, வலது கையால் மூடிக்கொண்டு, ஒரு மூச்சுக்கு அரை அடி. பத்து நிமிடத்தில் கூடத்தின் ஒரு மூலையைக் கூடத் தாண்டியிருக்க மாட்டீர்கள். முன்னால் இருப்பவரோடு உள்ள இடைவெளி கூடாமல் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சொல்லப்போனால் சங்கம் என்பது முதன்முதலில் எனக்கு உடம்பால் புரிந்தது அந்த இடைவெளியில்தான்.

ஓதுதல்

அமர்வு முடிந்ததும் சிலர் கிளம்புவார்கள், சிலர் புத்தர் மண்டபத்துக்குப் போய் ஓதுவார்கள். தரையில் விழுந்து வணங்குவதும் உண்டு. கட்டாயம் இல்லை, ஆனால் ஒரு தடவையாவது இருங்கள். கையில் அட்டை கொடுப்பார்கள், கூடவே வாசிக்கலாம். இதய சூத்திரம் என்ற பௌத்தப் பாடத்தை ஜப்பானிய உச்சரிப்பில் ஓதிக்கொண்டே வருவார்கள், ஒன்றும் புரியாது. கடைசியில் "க்யாதே க்யாதே ஹாரா க்யாதே" என்று வரும்போது சட்டென்று காது விழித்துக்கொள்ளும். "கதே கதே பாரகதே" என்ற சமஸ்கிருதம்தான், சீனா போய் ஜப்பான் போய் பசிபிக் தாண்டி வந்திருக்கிறது. ஜென் என்ற சொல்லும் அப்படியே: தியானம் சீனத்தில் சான் ஆகி, ஜப்பானில் ஜென் ஆனது.

சில நாட்களில் குரு பரம்பரைப் பெயர்களை வரிசையாகச் சொல்வார்கள். அதில் "போதைதாருமா தாயோஷோ" என்று ஒரு பெயர் வரும். நம் போதிதருமர். சீனாவின் பழைய குறிப்பு ஒன்று அவரைத் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்கிறது. அந்தப் பெயரைச் சுற்றியிருக்கும் எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது எனக்கு இன்றும் தொண்டை அடைக்கும்.

துடைப்பமும் தேநீரும்

ஓதுதல் முடிந்து பல நாட்களில் சோஜி நடக்கும். கால் மணி நேரம் எல்லோரும் சேர்ந்து இடத்தைச் சுத்தம் செய்வது. உங்களுக்கு ஒரு துடைப்பமோ ஒரு கட்டுக் கீரையோ கொடுப்பார்கள். பேசாமல் செய்ய வேண்டும். மணி அடித்தால் வேலை பாதியில் இருந்தாலும் வைத்துவிட வேண்டும். வேலையை முடித்தே தீர வேண்டும் என்று வளர்ந்த எனக்கு இது ஜாஜெனை விடக் கஷ்டமாக இருந்தது. பாதிப் படி பெருக்கியபடி கிடக்க, துடைப்பத்தைச் சாத்தி வைத்துவிட்டு நடப்பது ஒரு தனிப் பயிற்சி.

சனிக்கிழமை உரைக்குப் பிறகு தேநீர் இருந்தால் ஓடிவிடாதீர்கள். இரண்டு பேரிடமாவது பெயர் கேளுங்கள். நகர வாழ்க்கையில், அதுவும் ஊரை விட்டு வந்தவர்களுக்கு, அடுத்த வாரம் "போன வாரம் காணோமே" என்று கேட்க ஓர் ஆள் இருப்பது சாதாரண விஷயம் இல்லை. நான் மூன்று வாரம் காய்ச்சலில் கிடந்தபோது சூப் கொண்டுவந்தவர், அதுவரை என்னோடு பத்து வார்த்தை கூடப் பேசியிராத ஒரு பெரியவர். ஒரு வருடம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவர், அவ்வளவுதான் உறவு.

தொடர்ந்து போவது

வாரத்தில் ஒரே ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, எட்டு வாரம் தவறாமல் போங்கள். மற்ற நாட்களில் வீட்டில் பதினைந்து நிமிடம் போதும். தினமும் விடிகாலையில் போகிறேன் என்று முதல் வாரமே சபதம் எடுத்தவர்கள் இரண்டாம் மாதம் காணாமல் போவதைப் பார்த்திருக்கிறேன்.

பழகிய பிறகு ஆசிரியரைத் தனியாகச் சந்திக்கக் கேட்கலாம். டோகுசான் என்பார்கள். பெரிய தத்துவக் கேள்வி கொண்டுபோக வேண்டியதில்லை. "உட்கார்ந்தால் கோபம்தான் வருகிறது" என்பதே நல்ல தொடக்கம். அடுத்து ஒரு நாள் முழுக்க உட்காரும் அமர்வு, அப்புறம் பல நாட்கள் தொடர்ந்து உட்காரும் செஷின். டிசம்பர் 1 முதல் 8 வரை புத்தர் ஞானம் பெற்றதை நினைத்து நடக்கும் ரோஹாட்சு செஷின் மிகக் கடுமையானது. அதை முதல் செஷினாக எடுக்காதீர்கள்.

ஆசிரியர்களைப் பற்றி ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நான் இவ்வளவு நேசிக்கும் இதே மையத்தில் 1983-இல் அப்போதைய தலைமை ஆசிரியரின் நடத்தையால் பெரிய நெருக்கடி வந்து, அவர் பதவியை விட்டு விலக நேர்ந்தது. பலர் மனம் உடைந்து போனார்கள். அதற்குப் பிறகுதான் தலைமைப் பொறுப்புக்குக் கால வரம்பும், எழுதிவைத்த நெறிமுறைகளும் வந்தன. எந்தக் குழுவில் சேர்ந்தாலும் கேளுங்கள்: ஆசிரியருக்கு யார் அங்கீகாரம் கொடுத்தது? புகார் இருந்தால் யாரிடம் போவது? கணக்கு யார் பார்க்கிறார்கள்? நம் வளர்ப்பில் குருவிடம் இப்படிக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றும். கூச்சப்படாமல் கேளுங்கள். நல்ல இடத்தில் உடனே பதில் சொல்வார்கள்.

விடுமுறையில் ஊருக்குப் போகும்போது பழக்கம் விட்டுப்போகிறது என்று கவலைப்பட்டால், கொடைக்கானலுக்கு முன்னால் பெருமாள்மலையில் போதி ஜென்டோ இருக்கிறது. பர்மாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த இயேசு சபைப் பாதிரியார் ஆமா சாமி 1996-இல் தொடங்கியது. அவர் ஜப்பானிய ஆசிரியர் யமடா கோஉனிடம் பயின்று 1982-இல் அங்கீகாரம் பெற்றவர். தங்கிப் பயில வேண்டுமானால் முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொண்டு போங்கள். மலைக் குளிருக்கு ஒரு ஸ்வெட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள்.